கன்னம் வீங்கிய குழந்தைக்கு எந்த மருந்து?

போடிநாயக்கனூர் பக்கம் ஒரு குழந்தைக்குக் கன்னம் வீங்கினால் வீட்டில் முதலில் சொல்லும் பெயர் பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவார்கள். பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடும், சங்கிலி பீரோவுக்குத் திரும்பிவிடும். பெரும்பாலும் இந்தக் கணிப்பு சரிதான். அது வைரஸ் நோய், தானாக வந்து தானாகப் போகும்.

மிக அபூர்வமாக வேறொரு வீக்கம் உண்டு. காய்ச்சல் இராது, வலி இராது. இரண்டு கன்னங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் மாதக்கணக்கில் பெருத்துக்கொண்டே போகும். தொட்டுப் பார்த்தால் விரலில் படுவது சதையல்ல, எலும்பு. தாடைக்கு அடியில் நெறி கட்டியிருப்பதால் காசநோயோ என்ற சந்தேகம் வரும். அது இல்லை என்றானதும் புற்றுநோயோ என்ற பயம் வரும். இரண்டும் இல்லை. தாடை எலும்பை மட்டும் பிடிக்கும் ஒரு மரபணு நோய் இது. பெயர் செருபிசம்.

1933இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் வில்லியம் ஜோன்ஸ் என்ற மருத்துவர் ஒரே வீட்டில் பிறந்த மூன்று பிள்ளைகளிடம் இதைக் கண்டு எழுதினார். மேல்தாடை பெருக்கும்போது கண்குழியின் தரை உயர்ந்து விழி மேல்நோக்கித் திரும்பிவிடும். கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியும். உப்பிய கன்னமும் வானத்தைப் பார்க்கும் கண்ணுமாக இருந்த அந்த முகங்கள் ஐரோப்பிய ஓவியங்களில் வரும் ‘செருப்’ என்ற குட்டித் தேவதைகளை நினைவூட்ட, அந்தப் பெயரே நோய்க்கு வந்து சேர்ந்தது. அன்று முதல் உலக மருத்துவ இதழ்களில் பதிவானவர்கள் சில நூறு பேர்தான். இந்தியப் பல் மருத்துவ இதழ்களிலும் ஒரு குழந்தை, ஒரு குடும்பம் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. இவ்வளவு சிறிய நோய்க்குக் கடந்த இருபது ஆண்டுகளில் அரை டஜன் மருந்துகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் கதை சென்னை உயர் நீதிமன்றம் வழியாகப் போகிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

முதலில் நோய். வீக்கம் தொடங்குவது பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஏழு வயதுக்கும் நடுவில். கீழ்த்தாடையின் கோணத்தில், காதுக்குக் கீழே, இரு பக்கமும் ஆரம்பிக்கும். பால்பற்கள் காலத்துக்கு முன்பே ஆடி விழும். நிரந்தரப் பற்கள் சில முளைக்காது, சில தப்பான இடத்தில் முளைக்கும். அறிவிலோ உயரத்திலோ குறை இராது. பருவம் எய்தும் வரை வீக்கம் கூடும். பிறகு நிற்கும். அதற்குப் பிறகு நடப்பதுதான் இந்த நோயின் விசேஷம்: தாடைக்குள் மென்திசு நிறைந்திருந்த குழிகளில் மெல்ல மெல்ல எலும்பு நிரம்பத் தொடங்கும். முப்பது வயதுக்குள் பலருடைய முகம் மற்றவர் கண்ணுக்குச் சாதாரணமாகவே தெரியும். எல்லோருக்கும் இப்படி முழுமையாக வடிவதில்லை. சிலருக்கு வீக்கம் கண்ணையும் மூச்சையும் தொடும் அளவுக்குப் போய்விடுகிறது. ஆனால் பொதுப்போக்கு இதுதான்.

இதை ஓபிஜி என்ற ஒற்றை எக்ஸ்ரே படத்திலேயே பெரும்பாலும் பிடித்துவிடலாம். குழந்தையை நிற்கவைத்து ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டை முன்பற்களால் கடிக்கச் சொல்வார்கள். கருவி ஓசையோடு தலையைச் சுற்றிவரும். கால் நிமிடத்துக்கு உள்ளாக முடிந்துவிடும். படத்தில் இரண்டு தாடையும் விரித்துவைத்தாற்போல் வரும். சாதாரணக் குழந்தைக்குத் தாடை வெளுப்பாக, அதற்குள் வரப்போகும் பற்கள் வரிசையாக இருக்கும். செருபிசத்தில் தாடையின் பின்பகுதி இரு பக்கமும் கறுத்து, சோப்பு நுரை போலக் குமிழி குமிழியாகத் தெரியும். கடைவாய்ப்பல்லின் முளை எலும்பில் பிடிப்பில்லாமல் அந்தக் கறுப்பில் மிதக்கும். காதோரம் உள்ள தாடை மூட்டின் குமிழ் மட்டும் பெரும்பாலும் தப்பித்து நிற்கும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியத் தடயம். கட்டி என்றால் பொதுவாக ஒரு பக்கத்தில்தானே வரும்?

ஒரு எச்சரிக்கை. அந்தக் குழியிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பல உட்கருக்கள் கொண்ட ராட்சதச் செல்கள் தெரியும். பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்வதால் எலும்பில் வரும் பழுப்புக் கட்டியிலும் இதே காட்சிதான். கண்ணாடித் தகட்டை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல எந்த நோய்க்குறியியல் வல்லுநராலும் முடியாது. ரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் பார்த்தால் விடை கிடைத்துவிடும். இதைச் செய்யாமல் கத்தியை எடுப்பது பிழை. கதிர்வீச்சு கொடுப்பது அதைவிடப் பெரிய பிழை; ஒரு காலத்தில் கொடுத்தார்கள், பின்னாளில் அதே எலும்பில் புற்று வரக்கூடும் என்பதால் கைவிட்டார்கள்.

காரணம் நான்காவது குரோமோசோமின் நுனியில் இருக்கிறது. எஸ்ஹெச்3பிபி2 என்ற மரபணுவில் ஏற்படும் பிழைதான் இது என்று 2001இல் கண்டுபிடித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் புரதத்தின் நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களில் அன்று கண்ட பிழைகள் எல்லாம் ஆறே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சின்ன இடத்தில் நெருங்கிக் கிடந்தன. அந்த இடத்துக்கு அப்படி என்ன வேலை என்பது பத்தாண்டு கழித்து, 2011இல் விளங்கியது. டாங்கிரேஸ் என்ற நொதி பிடித்துக்கொள்ளும் பிடி அது. வேலை முடிந்த புரதத்தை டாங்கிரேஸ் அந்த இடத்தில் பிடித்து அழிவுக்கு அடையாளமிட்டு அனுப்பும். பிடி கெட்டுப்போனால் புரதம் அழியாமல் செல்லுக்குள் சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்த புரதம் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை முடுக்கிவிடும். இன்னொரு பக்கம் வெள்ளணுக்களைத் தூண்டி டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளை மிகையாகச் சுரக்க வைக்கும். உடம்பு முழுக்க உள்ள இந்தப் பிழை தாடையில் மட்டும் வெடிப்பதற்குப் பல் முளைக்கும்போது நடக்கும் எலும்புக் கரைப்பும், வாயில் எப்போதும் இருக்கும் கிருமிகளும் காரணமாகலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம்.

மருந்துக்குப் போகுமுன் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தேனி மாவட்டத்தில் மாமன் மகளைக் கட்டுவது இன்றும் வழக்கம்தான். அதனால் எந்தப் பரம்பரை நோய் வந்தாலும், ‘சொந்தத்தில் கட்டினதால் வந்தது’ என்று பழி உடனே விழும். விழுவதும் பெரும்பாலும் பெண்ணின் தலையில். பல நோய்களில் அந்தக் கூற்றில் உண்மை இருக்கிறது; அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழையான பிரதி வந்தால்தான் அந்நோய்கள் வரும். செருபிசம் அந்த வகை இல்லை. ஒரே ஒரு பிரதி கெட்டிருந்தாலே போதும். அந்தப் பிரதி தகப்பனிடமிருந்தோ தாயிடமிருந்தோ வரலாம், குழந்தையிடம் புதிதாகவும் தோன்றலாம். அசலில் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். நோய் உள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தப் பிரதி வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இளம் வயதில் லேசாக வந்து வடிந்துபோன தாய்க்கோ தகப்பனுக்கோ தனக்கு அது இருந்ததே தெரியாமல் இருக்கலாம். பழைய பள்ளிக்கூடப் புகைப்படத்தைத் தேடி எடுக்கச் சொல்வது நல்ல மருத்துவர்களின் பழக்கம்.

இனி மருந்துகள். எலும்புக் கரைப்பை நேரடியாகத் தடுக்கும் கால்சிடோனின், பிஸ்பாஸ்பனேட் இரண்டும் முதலில் வந்தவை. மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுப்பவை. செருபிசத்தில் இவற்றால் கிடைத்த பலன் ஆளுக்கொரு விதம். நம்பிச் சொல்லும்படி ஒன்றுமில்லை.

டிஎன்எஃப் தடுப்பு மருந்தின் மீதுதான் பெரிய நம்பிக்கை பிறந்தது. 2007இல் இதே மரபணுப் பிழையை எலியில் ஏற்படுத்தினார்கள். எலிக்கு முகம் வீங்கியது, எலும்பு கரைந்தது, உள்ளுறுப்புகளிலும் அழற்சி வந்தது. அந்த எலியிடம் டிஎன்எஃப் மரபணுவை நீக்கியதும் நோய் அடங்கியது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டிஎன்எஃப் தடுப்பு ஊசிகள் ஏற்கெனவே கடையில் இருக்கின்றன. அடுத்த அடி தானாகத் தெரிந்தது. பின்லாந்து மருத்துவர்கள் இரண்டு குழந்தைகளுக்கு அடலிமுமாப் ஊசி போட்டுப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் அடங்கவில்லை.

ஏன்? 2014இல் எலியே பதில் சொன்னது. பிறந்தவுடன் எட்டனர்செப்ட் ஊசி போட்ட எலிக்குட்டிகளுக்கு நோய் தடுக்கப்பட்டது. நோய் முற்றிய வளர்ந்த எலிகளுக்கு அதே மருந்து பலிக்கவில்லை. மனிதக் குழந்தை மருத்துவரிடம் வரும்போது கன்னம் ஏற்கெனவே வீங்கியிருக்கும். அது மட்டுமல்ல, எலிக்கு முழு நோய் வருவது இரண்டு பிரதிகளும் கெட்டால்தான். மனிதனுக்கு ஒன்றே போதும். எலியின் நோய் உடம்பு முழுக்க, நம் நோய் தாடையோடு சரி. எலியில் பலித்ததை வைத்து மனிதனுக்கு ஊசி போடும் முன் இவற்றை எண்ணிப் பார்த்திருக்கலாம் என்று இன்று சொல்வது சுலபம். ஆனாலும் தோல்வியை ஒளிக்காமல் அச்சிட்டார்களே, அந்த நேர்மைதான் அடுத்த குழந்தைகளுக்கு வீண் ஊசியைத் தடுத்தது.

அடுத்தது டாக்ரோலிமஸ். சிறுநீரகம் மாற்றியவர்கள் சாப்பிடும் மாத்திரை. ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாகத் தேவையான ஒரு கட்டளையை இது தடுக்கும். 2015இல் பிரெஞ்சு மருத்துவர்கள் தீவிர நோயுள்ள ஒரு சிறுவனுக்கு ஓராண்டு கொடுத்து, வீக்கம் அடங்கியதையும் திசுவில் ராட்சதச் செல்கள் குறைந்ததையும் காட்டினார்கள். ஒரே சிறுவன்தான். ஆனாலும் இந்தச் சான்றுக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவேன். பதின்மூன்று வயதில் மருந்து தொடங்கிப் பதினாறில் கன்னம் வடிந்தால் அது மருந்தின் வேலையா, வயதின் வேலையா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சிறுவனைப் போல நோய் வேகமாக வளரும் நான்கைந்து வயதில் அடங்கினால் தானாக அடங்கியது என்று சொல்வது கடினம். செருபிச மருந்து எதைப் பற்றிய செய்தியைப் படித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் வயதை. டாக்ரோலிமஸுக்குக் கொடுக்கும் விலையும் சிறிதல்ல: நோய் எதிர்ப்பு குறையும், சிறுநீரகம் பாதிக்கலாம், ரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும்.

இமாடினிப் இன்னும் சுவாரசியமானது. இது ரத்தப் புற்றுநோய் மாத்திரை. ஏபில் என்ற புரதத்தின் கோளாறை அடக்கச் செய்தது. எஸ்ஹெச்3பிபி2 முதலில் அறியப்பட்டதே ஏபிலோடு ஒட்டும் புரதமாகத்தான். ஆஸ்டியோகிளாஸ்டின் வளர்ச்சிக்குத் தேவையான இன்னொரு வாசலையும் இமாடினிப் அடைக்கிறது. 2019இல் அமெரிக்காவில் சில செருபிசக் குழந்தைகளுக்கு இதைக் கொடுத்து, வீக்கம் குறைந்து எலும்பு நிரம்பியதாக முதல்கட்ட அறிக்கை வெளியிட்டார்கள். நீண்ட நாள் சாப்பிடும் குழந்தைகளுக்கு உயரம் கூடுவது தடைப்படும் என்பது ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் கண்ட அனுபவம்.

இந்த மாத்திரை இன்று இந்தியாவில் எளிதாகக் கிடைப்பதற்குப் பின்னால் ஒரு நெடிய வழக்கு இருக்கிறது. நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் இதன் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006 ஜனவரியில் அந்த அலுவலகம் மறுத்தது. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால் அதன் மருத்துவ ஆற்றல் கூடியிருக்க வேண்டும் என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டில் தோற்றது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று முடித்தது. வழக்கு நடந்த காலத்தில் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்துக்கு மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய். நிறுவனம் இந்தியாவில் ஏராளமான நோயாளிகளுக்கு இலவசமாகவும் கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் இலவசம் குறிப்பிட்ட நோய்க்கு, குறிப்பிட்ட பட்டியலில் உள்ளவர்களுக்கு. பட்டியலில் இடம்பெறாத செருபிசம் போன்ற நோய்க்கு ஒரு மருத்துவர் துணிந்து எழுதிக்கொடுக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது மலிவு விலைதான்.

அந்த மலிவிலேயே ஆபத்தும் இருக்கிறது. கைக்கு எட்டும் விலையில் மருந்து இருந்தால், ‘கொடுத்துத்தான் பார்ப்போமே’ என்று தோன்றும். கன்னம் மட்டும் வீங்கிய, நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அது நியாயமில்லை. பார்வைக்குத் தற்காலிகமாக அழகு சேர்க்க உயரத்தைப் பணயம் வைக்க முடியுமா? டெனோசுமாப் ஊசிக்கும் இதே கணக்கு. பெரியவர்களின் எலும்பு ராட்சதச் செல் கட்டிக்கு 2013இல் அமெரிக்க அனுமதி பெற்ற மருந்து அது. வளரும் குழந்தைக்குப் போட்டு நிறுத்தினால் அடக்கி வைத்த எலும்புக் கரைப்பு திரும்பப் பாய்ந்து, ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடுவது உண்டு. தாலுகா ஆஸ்பத்திரியில் வைத்துச் சமாளிக்கும் விஷயமல்ல அது.

மருந்து யாருக்கு என்றால், வீக்கம் கண் நரம்பை அழுத்தும் குழந்தைக்கு, மூச்சுப் பாதையை அடைக்கும் குழந்தைக்கு, விழுங்கவும் பேசவும் முடியாமல் போகும் குழந்தைக்கு. மற்றவர்களுக்குச் செய்ய வேண்டியது கண்காணிப்போடு காத்திருப்பது, பற்களைப் பேணுவது, பருவம் கடந்த பிறகும் எலும்பு துருத்தி நின்றால் செதுக்கிச் சீராக்குவது.

காத்திருங்கள் என்று சொல்லிவிடலாம். ஏலமலைச் சரிவில் அதற்கும் வழி செய்ய வேண்டும். போடியிலிருந்து விடியுமுன்னே ஜீப்புகள் முந்தல் வழியாக மலையேறுகின்றன. போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகும் பெண்கள் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். சில குடும்பங்கள் தோட்டத்து லயத்திலேயே தங்கிவிடுகின்றன. பிள்ளை ஒரு வருஷம் இந்தப் பக்கத்துப் பள்ளியில், மறு வருஷம் அந்தப் பக்கத்தில். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கு வந்து, அங்கிருந்து மதுரைக்கு அனுப்பி, படத்தைப் பார்த்த மருத்துவர் ‘ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த வருஷம் வாங்க’ என்றால், தகப்பனுக்குக் கேட்பது ‘கைவிட்டுட்டாங்க’ என்றுதான். பிறகு அவர் வர மாட்டார். அல்லது ‘உடனே ஆபரேஷன்’ என்று சொல்பவரைத் தேடிப் போய்க் கடன் வாங்கிச் செய்துகொள்வார்; வளரும் பருவத்தில் சுரண்டி எடுத்த இடம் மறுபடி வீங்கக்கூடும்.

இந்த இடைவெளியை நிரப்பப் பெரிய பணம் வேண்டியதில்லை. 2021இல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கை, தேர்ந்தெடுத்த மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவ வழிசெய்கிறது. பெங்களூருவின் மனித மரபியல் மையம் அவற்றில் ஒன்று. எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் அந்தக் கொள்கையின் பட்டியலில் இருக்கிறது, செருபிசம் இல்லை. சேர்த்தால் நல்லது, ஆனால் இந்த நோய்க்கு அவசரத் தேவை லட்சங்கள் அல்ல. ஆண்டுக்கு ஒரு ஓபிஜி, ஒரு கண் பரிசோதனை, ஒரே தூரத்தில் ஒரே வெளிச்சத்தில் எடுத்த முகப் புகைப்படம், ஒரு பல் மருத்துவர். 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறை அரசுப் பள்ளிக்கும் இரு முறை அங்கன்வாடிக்கும் வருகிறது. சொத்தைப் பல்லைப் பார்க்க வாயைத் திறக்கச் சொல்லும் அந்தக் குழுவே தாடைக் கோணத்தையும் தொட்டுப் பார்க்கலாம். கண்டறிந்த குழந்தையின் மருத்துவ அட்டை தேனியிலும் இடுக்கியிலும் செல்லுபடியாக வேண்டும். நோய்க்கு மாநில எல்லை கிடையாது, கோப்புக்குத்தான் உண்டு.

இன்றைய தேதியில் செருபிசத்துக்கென்று அனுமதி பெற்ற மருந்து எந்த நாட்டிலும் இல்லை. கொடுப்பவை எல்லாம் வேறு நோய்களிலிருந்து கடன் வாங்கியவை. ஒன்றிரண்டு, மூன்று நான்கு குழந்தைகளின் அனுபவத்தை நம்பிக் கொடுப்பவை. ஆகவே இமாடினிப்போ டாக்ரோலிமஸோ கொடுக்க முடிவு செய்யும் மருத்துவர்கள், பலித்தாலும் பலிக்காவிட்டாலும் அதை எழுதி வெளியிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அரிய நோய்ப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே: பிள்ளைக்கு இரண்டு கன்னமும் வீங்கி, மூன்று வாரமாகியும் வடியவில்லை, காய்ச்சலும் இல்லை என்றால் ஒரு ஓபிஜி எடுங்கள், கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பாருங்கள். செருபிசம் என்று தெரிந்தால், கண்ணுக்கோ மூச்சுக்கோ ஆபத்து இல்லாதவரை ஆபரேஷனுக்கும் மாத்திரைக்கும் அவசரப்படாதீர்கள். கதிர்வீச்சுக்கு மட்டும் எப்போதும் சம்மதிக்காதீர்கள்.